ஹார்த்துக்குப் போன பெஞ்சு

தில்மான் எழுந்தான். தண்ணீர் கொதிக்க வைத்தான். காப்பித்தூளை வடிதாளில் கொட்டி மேலே வெந்நீரை ஊற்றினான். கறுப்பு ரொட்டியில் இரண்டு துண்டு அறுத்து வெண்ணெய் தடவினான். வானொலியில் பனிமூட்டம் என்றார்கள். சன்னலுக்கு வெளியிலும் பனிமூட்டம்தான். தின்றான். தட்டைக் கழுவினான். கோப்பையைக் கழுவினான். கத்தியைக் கழுவினான். பல் தேய்த்தான். சட்டை மாட்டினான். சாவியை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தான்.

வாசலை அடைத்துக்கொண்டு ஒரு பெஞ்சு நின்றது.

ஓக் மரப் பெஞ்சு. கால்களில் ஈரப் பாசி. முதுகுச் சட்டம் வீட்டுப் பக்கம் இருந்ததால் வெளியே போக அதை ஏறித்தான் தாண்ட வேண்டும். ஏறினான். ஏறியவனுக்கு இறங்கத் தோன்றவில்லை. உட்கார்ந்துவிட்டான்.

லியோபாவின் பெஞ்சு திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தான். அவன் மனைவி லியோபா இறந்து ஓர் ஆண்டு ஆகிறது. அவள் நினைவாக லோஹே ஊரார் மேலே மலைக்காட்டில் ஒரு பெஞ்சு போட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கத்துச் சீப்பன் ஊரார் அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் சரிவில் வைத்தார்கள். லோஹேக்காரர்கள் மீட்டார்கள். சீப்பன்காரர்கள் மறுபடி தூக்கினார்கள். இந்தக் கோடையில் அந்தப் பெஞ்சு உட்கார்ந்ததைவிட நடந்ததுதான் அதிகம்.

முதுகுச் சட்டத்தில் இருந்த தகட்டைத் திரும்பிப் பார்த்தான். 'கால்நடை மருத்துவர் எகோன் ப்ரூஸ்கெ நினைவாக. அவருக்கு அமைதி பிடிக்கும்' என்று எழுதியிருந்தது.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அதற்காகவே சன்னலோரம் காத்திருந்த இரண்டு பேர் வெளியே வந்தார்கள். முன்னால் வந்தவர் ஹூபெர்ட், லியோபாவின் அப்பா. மரம் அறுக்கும் பட்டறை வைத்திருப்பவர். ஞாயிற்றுக்கிழமையிலும் புருவத்தில் மரத்தூள் இருக்கும். பின்னால் எல்மார். கூரைகளுக்குச் சிலேட்டுக் கல் வேய்கிறவர், லோஹே நடைச் சங்கத்தின் தலைவர்.

"என்ன மாப்ள, கண்ணு முழிச்சதும் தரிசனமா?" என்றார் ஹூபெர்ட்.

"இது லியோபாவோடது இல்ல, மாமா."

"எது இல்ல?"

"படிச்சுப் பாருங்க."

எல்மார் கண்ணாடியை எடுத்து மாட்டினார். படித்தார். கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். துடைத்ததால் தகட்டில் எதுவும் மாறிவிடவில்லை.

"ப்ரூஸ்கெ யாருப்பா?" என்றார்.

"சீப்பன் மாட்டு டாக்டருய்யா. உங்க சித்தப்பா பன்னிக்கு ஊசி போட வந்து, சித்தப்பாவுக்கே போட்டாரே."

"அவரா? செத்துட்டாரா?"

"பெஞ்சு போட்டிருக்காங்க. பின்ன, உசுரோடவா இருப்பாரு?"

"நேத்து சாயங்காலம் மூடுபனி, ஹூபெர்ட்டு. அவங்க எல்லாரும் அறுவடைப் பூசைக்குக் கோயிலுக்குள்ள இருந்தாங்க. பாட்டு முடியறதுக்குள்ள தூக்கிட்டு வரணும். அந்த அவசரத்துல எல்லாப் பெஞ்சும் பெஞ்சுதான்."

"நாலு பேரு தூக்கினீங்க. ஒருத்தனுக்குமா படிக்கத் தெரியாது?"

"நீதானய்யா முன்னாடி தூக்கின!"

ஹூபெர்ட் மருமகன் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்மாரும் உட்கார்ந்தார். மாட்டு டாக்டருக்குப் பிடித்த அமைதி சற்று நேரம் நிலவியது.

பெஞ்சு ஏன் இப்படி அலைகிறது என்பதற்கு முதலில் ஹார்த்தைச் சொல்ல வேண்டும். லோஹேயில் 'ஹார்த்' என்றால் ஹார்த்தான். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. கேட்டவன் தில்மான் ஒருவன்தான். அவன் வடக்கே சமவெளியில் பிறந்தவன். நில அளவை படித்துவிட்டு மாவட்ட அளவை அலுவலகத்தில் வேலைக்கு வந்தவன். லியோபா அவனை முதல்முறையாக வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தபோது, எதையாவது பேச வேண்டுமே என்று, ஹார்த் என்பது பழைய மொழியில் மலைக்காடு என்று மட்டுமே பொருள்படும் சொல் என்றான். அடிவாரத்துப் பலகையில் ஹார்த் காடு என்று எழுதியிருக்கிறீர்களே, அது மலைக்காட்டுக் காடு என்று ஆகிறது என்றான். நாட்டில் இந்தப் பெயரில் எத்தனையோ மலைகள் இருக்கின்றன, ஒவ்வொரு ஊரும் தன்னுடையது ஒன்றுதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறது என்றும் சொன்னான்.

 ஹூபெர்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"மலை மேல இருக்கு. காடா இருக்கு. வேற என்னன்னு கூப்பிடச் சொல்றீங்க தம்பி? உருளைக்கெழங்கு வயல்னா?"

லியோபாவுக்குச் சிரிப்பில் குழம்பு மூக்கில் ஏறிவிட்டது. இருமி, கண்ணீர் விட்டு, மேசை விரிப்பிலேயே மூக்கைத் துடைத்தாள். இவளைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அப்போது அவனுக்குத் தோன்றியது.

பொருள் அவன் படித்தது. புழக்கத்தை அவள் கற்றுத் தந்தாள். பிடிக்காத ஆள் தொலைபேசியில் கூப்பிட்டால் வீட்டுக்காரர் ஹார்த்தில் இருக்கிறார், அடுப்படியில் இருந்தாலும் சரி. ஒற்றைக் கையுறை காணவில்லையென்றால் அது ஹார்த்துக்குப் போய்விட்டது. நம்ப முடியாத கதை சொல்கிறவனிடம், இதை ஹார்த்தில் போய்ச் சொல் என்பார்கள். கல்யாணமாகிச் சீக்கிரமே பிள்ளை பிறந்தால் அந்தப் பெண்ணும் பையனும் ஹார்த்தில் காளான் பொறுக்கியவர்கள். எல்லாவற்றையும்விட முக்கியமான புழக்கம் ஒன்று உண்டு. மலை முகட்டில் இரண்டு ஊருக்கும் பொதுவான எல்லைக்கல் இருக்கிறது. அதுவரைதான் ஹார்த். அதைத் தாண்டினால் வெறும் புதர். சீப்பன்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள், கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு.

புது வரைபடம் அச்சுக்குப் போனபோது அந்தப் பெயரை எந்தச் சரிவில் எழுதுவது என்று தில்மானுக்குத் தெரியவில்லை. லியோபாவிடம் காட்டினான். அவள் விரல் வைத்துக் காட்டினாள். அவர்கள் மொழியில் அந்தப் பெயருக்கு ஐந்து எழுத்து. அதில் இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், நடு எழுத்து கல்லின் தலைமேல். அப்படியே அச்சானது. எங்களுக்கு இரண்டே எழுத்தா என்று இரண்டு ஊரும் சண்டைக்கு வந்தன. அவளுக்கு ஒரு வாரம் சிரிப்பு அடங்கவில்லை.

அவள் அப்பா லோஹே. அம்மா ரைன்ஹில்ட் சீப்பனில் பிறந்தவர். அதனால் உயிரோடு இருந்தவரை அவளை இரண்டு ஊரும் அந்த ஊர்க்காரி என்று திட்டின. செத்த பிறகு இரண்டு ஊருமே எங்கள் பெண் என்றன.

சாவுச் சாப்பாட்டின்போது யாரோ, கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். தில்மான் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது கோப்பை ஷ்னாப்ஸ் சாராயத்தை முடித்திருந்த ஹூபெர்ட் எழுந்து, "என்னை ஹார்த்துல உக்கார வைங்கன்னு சொன்னா" என்றார். பலர் அழுதார்கள். அழுதுகொண்டிருந்தவர்களில் ஒருவர் ரைன்ஹில்டின் தம்பி அன்ஸ்கார், சீப்பனின் ஊர்த்தலைவர். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்குத் தெரிஞ்சு, அம்மா பொறந்த மண்ணப் பாத்தமாதிரின்னும் சேத்துச் சொன்னா" என்றார். அவ்வளவுதான். எல்மார் முதல் வாக்கியத்தைச் சிலேட்டில் செதுக்கிப் பெஞ்சில் திருகினார். பெஞ்சைத் தூக்கிப்போன சீப்பன்காரர்கள் சிலேட்டைக் கழற்றிவிட்டு, இரண்டாவது வாக்கியமும் சேர்ந்த பித்தளைத் தகட்டைத் திருகினார்கள். பெஞ்சு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்து லியோபா அந்தப் பக்கத்து வார்த்தையைச் சொன்னாள்.

உண்மையில் அவள் சொன்னதைக் கேட்டவன் தில்மான் மட்டும்தான். அவன் யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் செதுக்கியதைத் தடுக்கவும் இல்லை.

மாட்டு டாக்டரின் பெஞ்சு வாசலில் நின்ற அன்று மதியமே அன்ஸ்கார் தொலைபேசியில் கூப்பிட்டார். ஹூபெர்ட்டிடம் பேசப் பிடிக்காமல் தில்மானைக் கூப்பிட்டார்.

"மாப்ள, எங்க மாட்டு டாக்டர் அங்க வந்திருக்காரா?"

"வந்திருக்காரு, சித்தப்பா."

"அவர் சம்சாரம் தெனமும் சாப்பாட்டுக்கு அப்புறம் மேல போயி அவரோட உக்காந்துட்டு வரும். இன்னிக்கும் போச்சு. போர்வையும் ஃப்ளாஸ்க்குமா காட்டுல நிக்குது. நானே போயி என் மடக்கு நாற்காலியப் போட்டுட்டு வந்தேன். அது சொல்லுது, நாற்காலில உக்காந்தா வேற யாரோட புருஷன் பக்கத்துலயோ உக்காந்தமாதிரி இருக்காம்."

இதைக் கேட்டதும் லோஹே தலைகுனிந்தது. வழக்கப்படி பறிகொடுத்தவர்கள்தான் திருடியவர்களுக்கு மீட்பாக இரண்டு பெட்டி பியரும், கையளவு தடித்த புகைபோட்ட சாஸேஜும் தர வேண்டும். இந்தமுறை திருடியவர்களே பியரையும் சாஸேஜையும் சுமந்துகொண்டு, பெஞ்சையும் சுமந்துகொண்டு மலை ஏறினார்கள். அப்படி ஒன்று அந்த இரண்டு ஊரிலும் அதுவரை நடந்ததில்லை. திருமதி ப்ரூஸ்கெ பெஞ்சில் உட்கார்ந்து, வெளியே தெரியாமல் அவர்களுடைய பியரில் ஒரு குப்பியைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது இதோட முடியணும்," என்றார் எல்மார். மூச்சு வாங்கியது.

"முடிக்கலாம்," என்றார் அன்ஸ்கார். "சனிக்கெழம எல்லை நடை. உங்க அளவைக்காரரு இன்னும் கல்லுல உக்காரவே இல்ல."

"முதுகெலும்பு சரியில்லன்னு லியோபா சொல்லி..."

"என் அக்கா மகள எனக்குத் தெரியாதா? படிச்சவங்களுக்கு அந்த எலும்பு மெல்லிசுன்னு சொன்னா. நம்பினது உங்க சங்கம். இந்தத் தடவ உக்கார வைக்கிறோம். கேக்குறோம். என்ன சொல்றாரோ, அங்கேயே நீரு செதுக்குறீரு. பெஞ்சு கல்லுக்கு மேலயே நிக்கட்டும், பாதி உங்க புதர்ல, பாதி எங்க ஹார்த்துல."

"பாதி எங்க ஹார்த்துல, பாதி உங்க புதர்ல," என்றார் எல்மார். கை கொடுத்துக்கொண்டார்கள்.

கல்லில் உட்கார வைப்பது என்றால் இதுதான். எல்லை நடையன்று இரண்டு ஊரும் இரண்டு பக்கமிருந்து ஏறி முகட்டில் சந்திக்கும். ஊருக்குப் புதிதாக வந்தவனை நான்கு பேர் கையும் காலுமாகப் பிடித்துத் தூக்கி, பின்புறத்தை எல்லைக்கல்லில் மூன்று முறை இடிப்பார்கள். எல்லை எங்கே இருக்கிறது என்பது பிறகு அவனுக்கு மறக்காது. இடித்து முடித்ததும் அடுத்த ஊர் அவனிடம் ஒரு கேள்வி கேட்கலாம். அந்தக் கல்லில் உட்கார்ந்து பொய் சொன்னவன் இன்றுவரை எவனும் இல்லை என்று இரண்டு ஊரும் சொல்கின்றன. அது பொய்.

தில்மானிடம் இதைச் சொன்னபோது சரி என்றான். இப்போதெல்லாம் எதற்கும் சரி என்றுதான் சொல்கிறான்.

மறுநாள் மாலை ஹூபெர்ட் வந்தார். வந்தவர் உட்காரவில்லை. அடுப்படிக் கதவின் கீல் தொங்குகிறது என்று சொல்லி அதை ஆட்டிப் பார்த்தார். கீல் நன்றாகத்தான் இருந்தது.

"மாப்ள, நான் சொன்னது பொய்யி."

"தெரியும் மாமா."

"எல்லாரும் என் வாயையே பாத்தாங்க. நீங்க பேசல. எவனாவது பேசணும்ல? அவள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனப்போ நான் பட்டறைல இருந்தேன். ரம்பம் ஓடுச்சு, ஃபோன் அடிச்சது கேக்கல. எனக்குன்னு அவ ஒண்ணும் சொல்லிட்டுப் போகல. அதனால நானே ஒண்ணு வெச்சுக்கிட்டேன்." கதவை ஆட்டினார். "இப்போ அதையே கேட்டுக் கேட்டு, அவ கொரல்லயே காதுல விழுது. சனிக்கெழம அதையே சொல்லிடுங்களேன். என் பொய்யக் காப்பாத்திட்டுப் போங்க."

தில்மான் காப்பி ஊற்றிக் கொடுத்தான். அவர் குடிக்கவில்லை.

அவர் போன கொஞ்ச நேரத்தில் ரைன்ஹில்ட் வந்தார். கையில் பெரிய தட்டு, தட்டில் வெண்ணெய்க் கேக்.

"எங்க வீட்டுக்காரரு வந்தாரா?"

"வந்தாரு, அத்தை."

"கீலப் பாத்தாரா?"

"பாத்தாரு."

"அழுதாரா?"

"இல்ல."

"சரி, அப்போ வீட்டுக்கு வந்து அழுவாரு." கேக்கை அறுத்தார். "இங்க பாருங்க தம்பி, அவர் சொன்னதையும் சொல்லாதீங்க, என் தம்பி சொன்னதையும் சொல்லாதீங்க. ஹார்த்துல உக்கார வைங்க, அம்மா பொறந்த மண்ணு! நல்லா இருந்த நாள்லயே என் பொண்ணு வாயில இப்படி ஒரு நல்ல வார்த்த வந்ததில்ல. சாகுறப்போ மட்டும் வந்திடுமா? அவ வேற என்னமோ சொல்லியிருக்கா. கூசுற மாதிரி ஏதோ. அதான் நீங்க மூச்சு விடல."

தில்மான் கேக்கைத் தின்றான். இனிப்பாக இருக்கிறது என்று நாக்குக்குத் தெரிந்தது. அவனுக்குத் தெரியவில்லை.

"சொல்லிட்டா எல்லாருக்கும் ஆயிடும்," என்றான்.

"ஆமா."

"இப்போ என்கிட்ட மட்டும்தான் இருக்கு."

ரைன்ஹில்ட் கத்தியை வைத்தார். அவனைப் பார்த்தார். "அப்போ சனிக்கெழமை வரைக்கும் யோசிங்க. சொல்லலன்னாலும் நான் கேக்க மாட்டேன். ஆனா பொய்யச் செதுக்கி மரத்துல திருகிட்டா, நாம செத்ததும் அது மட்டும்தான் அவ. அதையும் யோசிங்க." எழுந்தார். "தட்ட நாளைக்குக் குடுங்க. கழுவுறேன்னு பூவ அழிச்சிடாதீங்க, அது எங்க அம்மாவோடது."

சனிக்கிழமை வெயில் அடித்தது. லோஹேக்காரர்கள் பச்சை மேலங்கியும் தொப்பியுமாக ஊதுகுழல் வாத்தியத்தோடு ஏறினார்கள். மேலே சீப்பன்காரர்கள் ஏற்கனவே வந்து, லியோபாவின் பெஞ்சைக் கல்லுக்கு அருகில் வைத்துவிட்டு, அதில் உட்காராமல் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.

"லோஹே வந்தாச்சு, மூக்கப் பொத்திக்குங்க!" என்று கத்தினார் ஒருவர்.

"எங்க ஹார்த்துக்குள்ள யாருடா புதர்லேர்ந்து எட்டிப் பாக்குறது?" என்று இங்கிருந்து பதில் போயிற்று.

"வாங்க மச்சான்," என்றார் அன்ஸ்கார் ஹூபெர்ட்டிடம். "இன்னிக்கு என்ன தூக்கிட்டு வந்தீங்க, எங்க பல் டாக்டரையா?"

"ஒங்க ஊர்ல பல்லு யாருக்கு இருக்கு, டாக்டர் வெக்கிறதுக்கு?"

இப்படியே கொஞ்ச நேரம் வைதுகொண்டார்கள். அது முறை. பிறகு ஷ்னாப்ஸ் சுற்றி வந்தது. அதுவும் முறை. அன்ஸ்கார் கையைத் தட்டினார். எல்மார் உளியும் சிறு சுத்தியலும் எடுத்து, புதுச் சிலேட்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தார்.

இந்த ஊரில் இருவர், அந்த ஊரில் இருவர் தில்மானைப் பிடித்தார்கள். அவனுக்குத் தலைக்கு மேலே பீச்மரங்கள் தெரிந்தன. இலைகள் பாதி நிறம் மாறியிருந்தன.

முதல் இடி லோஹேக்கு. இரண்டாவது சீப்பனுக்கு. மூன்றாவது ஹார்த்துக்கு. அந்த மூன்றாவதில் எல்லோரும் ஒரு கை போட்டார்கள்.

வலித்தது. அடிமுதுகிலிருந்து பல்வரை ஏறியது. ஓர் ஆண்டாக அவன் உடம்பில் எதுவும் இவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை. "ஆ!" என்று கத்தினான். அவன் குரல் இத்தனை பெரியது என்பதை லோஹே அன்றுதான் கேட்டது. கூட்டம் கைதட்டியது.

அன்ஸ்கார் தொப்பியைக் கழற்றினார். கூட்டம் அடங்கியது.

"சீப்பன் கேக்குது. எங்க பொண்ணு லியோபா கடைசியா என்ன சொன்னா?"

தில்மான் கல்லில் உட்கார்ந்திருந்தான். எதிரே ஹூபெர்ட் நின்றார். தொப்பியின் விளிம்பைக் கையில் திருகித் திருகியதில் அதன் இறகு உதிர்ந்துவிட்டது. அவருக்குப் பின்னால் ரைன்ஹில்ட் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாக்கியம் சொன்னால் போதும். என்னை ஹார்த்தில் உட்கார வையுங்கள். அவ்வளவுதான். மாமாவுக்கு நல்லது. கல்லுக்கும் பழக்கம்தான். அவள் சொன்னது அவனிடமே இருந்துவிடும்.

அவன் வாயைத் திறந்தான். அந்த வாக்கியத்தை அவள் குரலில் சொல்லிப் பார்த்தான், மனதுக்குள். வரவில்லை. வேறு ஏதோ ஒரு பெண், மெதுவாகப் பேசுகிற ஒரு நல்ல பெண், அதைச் சொன்னாள். அந்தப் பெண்ணை அவனுக்குத் தெரியாது.

"ஆம்புலன்ஸ் வந்துச்சு," என்றான். "அவள உள்ள ஏத்தினாங்க. நானும் பின்னாடியே ஏறப் போனேன். உள்ள ஊசி போட ஒரு பையன் உக்காந்திருந்தான். சுருட்ட முடி. அவ அவனப் பாத்தா. அப்புறம் என்னப் பாத்தா."

நிறுத்தினான்.

"ம்? சொன்னா?" என்றார் அன்ஸ்கார்.

"ஒரு தடவதான் என்னால சொல்ல முடியும். எல்மார்கிட்ட சொல்றேன். அவர் செதுக்கட்டும். படிச்சுக்குங்க."

கல்லிலிருந்து இறங்கினான். நேராக நடக்க முடியவில்லை. மரத்தடிக்குப் போய்க் குனிந்து எல்மாரின் காதில் சொன்னான்.

எல்மார் உளியை எடுத்தவர் அப்படியே அவனை நிமிர்ந்து பார்த்தார். "இதையா?"

"இதையேதான்."

"மாத்தாமலா?"

"ஒரு எழுத்துகூட."

எல்மார் செதுக்க ஆரம்பித்தார். சிலேட்டுத் தூள் அவர் முழங்காலில் விழுந்தது. பாதியில் அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து ஒருவர் ஷ்னாப்ஸை நீட்டினார். எல்மார் குனிந்தபடியே கையாட்டி வேண்டாம் என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். உளி வழுக்கியது.

தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த சீப்பன் பெண்ணொருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, இனிமே என் புருஷனோட இந்தப் பெஞ்சுல உக்கார முடியாதுடி," என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். அவளும் எட்டிப் பார்த்தாள். சிரிப்பு அங்கே தொடங்கியது. எது என்று தெரியாமலே பின்வரிசைக்கும் அது போயிற்று. அன்ஸ்கார் எட்டிப் பார்த்துவிட்டுத் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஹூபெர்ட் மட்டும் நகரவில்லை. "என்னது?" என்றார். "என்னதுய்யா அது? எனக்குக் கண்ணாடி இல்லாம தெரியாது."

ரைன்ஹில்ட் போய் எல்மாரின் மடியிலிருந்து சிலேட்டை எடுத்தார். கையை நீட்டித் தூரப் பிடித்து, ஒருமுறை தனக்குள் படித்தார். முகம் சுருங்கி, விரிந்து, மறுபடி சுருங்கியது. தூளை ஊதினார். கணவரின் பக்கத்தில் வந்து நின்றார்.

"கேளுங்க," என்றார். "இது உங்க பொண்ணு."

சத்தமாக, இரண்டு சரிவுக்கும் கேட்கும்படி, மகளுடைய அதே அலட்சியமான இழுப்போடு படித்தார்:

"நீ முன்னாடி போயி உக்காரு, தில்லு. இவன் உன்னவிட அழகா இருக்கான்."